சப்தத்தின் விலையைச் செலுத்துவது யார்?

 

 

சென்ற ஜும்ஆவுக்குப் பின் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், என் பைக்கின் சப்தம் கம்பீரமாக இல்லை. வேறு சைலன்சர் வாங்கினால் ஆயிரக்கணக்கில் ஆகும். உள்ளே இருக்கும் தடுப்பைக் கழற்றிவிட்டால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். வீண்விரயம் இல்லையே, இது கூடுமா?" என்று கேட்டார். வீண்விரயத்திற்கு அஞ்சும் அவருடைய உள்ளத்தைப் பாராட்டினேன். ஆனால் கணக்கில் பெரும்பகுதியை அவர் எழுதாமலே விட்டுவிட்டார்.

எஞ்சினிலிருந்து புகை மிகுந்த அழுத்தத்துடன் வெளியேறுகிறது. சைலன்சருக்குள் இருக்கும் அறைகளிலும் துளைக்குழாய்களிலும் மோதி, ஓசை தணிந்த பிறகே அது வெளியே வருகிறது. தடுப்பைக் கழற்றினாலும், துளையிட்டாலும் வண்டி சிங்கமாகிவிடாது. அடங்கியிருந்த ஓசை ஊருக்குள் அவிழ்த்துவிடப்படும், அவ்வளவுதான்.

குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பிட்டுள்ளன. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது என்பதை நினைவில் வையுங்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒலி வரம்பை மீறும் வண்டியை ஓட்டுபவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சில நூறு ரூபாய்ச் சிக்கனம் எங்கே போயிற்று?

காவல்துறையின் அபராதம் இம்மையோடு முடிந்துவிடும். மனிதர்களுக்குச் செலுத்த வேண்டிய கடனோ மறுமைவரை தொடரும்.

நமது அன்னூர், சத்தி சாலையும் அவிநாசி–மேட்டுப்பாளையம் சாலையும் சந்திக்கும் ஊர். லாரிக்கும் பஸ்ஸுக்கும் குறைவில்லை. இரவு ஷிப்டு முடித்துப் பகலில் கண்ணயரும் மில் தொழிலாளர்கள் இங்கே இருக்கிறார்கள். கைக்குழந்தைகளும் நோயாளிகளும் இருக்கிறார்கள். பள்ளிவாசலுக்கு அருகில் வசிக்கும் மாற்றுமத சகோதரர் ஒருவர் சென்ற ரமலானில் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார்: "பாங்கு எங்களுக்குப் பழகிப்போச்சுங்க. ராத்திரி தொழுகை முடிஞ்சு பசங்க வண்டியைக் கிளப்பும்போதுதான் படுத்த படுக்கையா இருக்கிற அம்மா பதறி முழிச்சுக்கறாங்க." தராவீஹ் தொழவைத்துவிட்டு நின்ற நான் வெட்கித் தலைகுனிந்தேன்.

அண்ணலார் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது, தோழர்கள் குர்ஆனை உரக்க ஓதுவதைக் கேட்டார்கள். திரையை விலக்கி, ஒருவருக்கொருவர் தொல்லை தராதீர்கள் என்று தடுத்தார்கள் (அபூதாவூத்). சிந்தியுங்கள்! இறைவசனத்தின் ஓசையே பிறருக்கு இடையூறாகக் கூடாதென்றால், பைக்கின் ஓசைக்கு என்ன நியாயம் இருக்கிறது? லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்கு நடையில் நடுநிலையையும் குரலில் தாழ்மையையும் உபதேசித்ததை அல்லாஹ் திருமறையில் (31:19) எடுத்துரைக்கிறான். உரத்த குரல் கம்பீரமாக இருந்திருந்தால் அங்கே கழுதையின் குரல் இகழப்பட்டிருக்காது.

தொழுகை, நோன்பு, ஜகாத்துடன் மறுமைக்கு வந்தும், பிறருக்கு இழைத்த தீங்குகளுக்கு ஈடாக நன்மைகளையெல்லாம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவனே திவாலானவன் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (முஸ்லிம்). அந்தத் தாயின் உறக்கத்திற்கு நமது தராவீஹிலிருந்து எத்தனை ரக்அத்துகளை ஈடாகக் கொடுக்கப் போகிறோம்?

இளைஞர்களே! கழற்றிய தடுப்பை மீண்டும் பொருத்துங்கள். அது அன்றாடம் நீங்கள் செய்யும் தர்மமாகும். பட்டறை நடத்தும் சகோதரர்களே! இந்தக் கூலி வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள். பெற்றோர்களே! பிள்ளைக்கு வண்டிச் சாவியைக் கொடுக்கும்போது அண்டை வீட்டாரின் உரிமையையும் சொல்லிக் கொடுங்கள்.

நம் நாவாலும், கரத்தாலும், வாகனத்தாலும் பிறருக்குத் தீங்கிழைக்காத நன்மக்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.