இறுகிய நட்டும் இளகும்



நம் தோட்டத்து வீடுகளில் மிதிவண்டி, மோட்டார் சைக்கிள், தையல் இயந்திரம், புல்வெட்டும் இயந்திரம் என ஏதேனும் ஓர் இயந்திரம் இல்லாத வீடு அரிது. வேலைக்குப் போவதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வதும் அவற்றை நம்பித்தான் நடக்கின்றன. அப்படிப்பட்ட இயந்திரத்தில் ஒரு நாள் ஒரு சிறு பாகத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. ஸ்பேனரை மாட்டித் திருகுகிறோம். நட்டு அசையவில்லை. கோபம் வருகிறது. காலால் மிதிக்கிறோம், சுத்தியலால் ஓங்கி அடிக்கிறோம். நட்டின் மூலைகள் மழுங்குகின்றன, அல்லது போல்ட்டு கழுத்தோடு முறிகிறது, அல்லது ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி பிளக்கிறது. சில காசு பெறுமானமுள்ள நட்டுக்காக வண்டியே பட்டறைக்குப் போகிறது. பதறிய காரியம் சிதறும் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும் அல்லவா?

துருப்பிடித்து இறுகிய பாகத்தை எப்படிப் பொறுமையாகக் கழற்றுவது, கழற்றிய பிறகு என்ன செய்வது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில், நட்டு ஏன் இறுகுகிறது? இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் சேரும்போது துரு உண்டாகிறது. துரு, தான் எந்த இரும்பிலிருந்து தோன்றியதோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். நட்டின் மரைக்கும் போல்ட்டின் மரைக்கும் நடுவே இருப்பதோ மயிரிழை இடைவெளி. அதற்குள் துரு பெருகினால், ஆப்பு அடித்ததுபோல் இரண்டும் கவ்விக்கொள்கின்றன. ஆகவே நம்மை எதிர்த்து நிற்பது நட்டு அன்று. உள்ளே நெருக்கிக்கொண்டு நிற்கும் துருத்தூள்தான்.

காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். மழையும் வெப்பமும் மிகுந்த மலேசியாவில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. போதாக்குறைக்குத் தோட்டத்து வேலையும் துருவுக்குத் துணை செய்கிறது. செம்பனைக்கு இடும் பொட்டாஷ் உரம், சமையல் உப்பைப் போலவே குளோரைடு வகையைச் சேர்ந்தது. அந்த உரம் பட்ட வண்டியில் துரு விரைந்து பரவும். ரப்பர்ப் பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவோ பித்தளைப் பாகங்களைத் தாக்கி, அவற்றில் வெடிப்பு உண்டாக்க வல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால், அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைத் தூளாகப் பூக்கும். இரும்புச் சட்டத்திற்குள் செருகிய அலுமினிய இருக்கைத் தண்டு ஒட்டிப் பிறந்ததுபோல் அசையாமல் நிற்பது இதனால்தான்.

இனிக் கழற்றும் முறைக்கு வருவோம்.

முதல் வேலை, எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று தெரிந்துகொள்வது. பெரும்பாலான நட்டுகள் கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகத் திருகினால் கழலும். ஆனால் மிதிவண்டியின் இடப்பக்கப் பெடல் எதிர்மரை கொண்டது. கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால்தான் அது கழலும். பல புல்வெட்டும் இயந்திரங்களில் தகட்டைப் பிடித்திருக்கும் நட்டும் எதிர்மரைதான். சில மோட்டார் சைக்கிள்களில் வலப்பக்கக் கண்ணாடியின் தண்டும் அப்படியே. இது தெரியாமல் பலம் கொடுத்தால், கழற்றுவதாக நினைத்துக்கொண்டு மேலும் இறுக்கிக்கொண்டிருப்போம். புல்வெட்டும் இயந்திரத்தில் கை வைக்குமுன், தீப்பொறி தரும் பிளக்கின் மூடியைக் கழற்றிவிடுவது உயிருக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது வேலை, சுத்தம் செய்வது. வெளியே தெரியும் மரையைக் கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்க்க வேண்டும். மண்ணும் துருவும் மூடிய வாயில் எண்ணெய் எப்படி நுழையும்? தேய்க்கும்போதும் தட்டும்போதும் கண்ணுக்குக் கண்ணாடி அணிவோம்.

மூன்றாவது, எண்ணெய். விளக்குத் திரியில் எண்ணெய் தானே ஏறுவதுபோல், மெல்லிய எண்ணெய் நுண்ணிய இடுக்குகளுக்குள் தானே ஊர்ந்து செல்லும். துரு இளக்கும் எண்ணெய் கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால், மண்ணெண்ணெயில் சிறிது இயந்திர எண்ணெய் கலந்து பயன்படுத்தலாம். பலருக்கும் தெரிந்த டபிள்யூ.டி. 40 என்பது 1953-ஆம் ஆண்டு அமெரிக்காவில், உலோகத்திலிருந்து ஈரத்தை விலக்குவதற்காக உருவாக்கப்பட்டது. நாற்பதாவது முயற்சியில் வெற்றி கிடைத்ததால் பெயரில் அந்த எண் சேர்ந்தது. சமையல் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் அது பிசுக்காகிப் பசைபோல் இறுகிவிடும்.

எண்ணெய் இட்டவுடன் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. இரவு இட்டுவிட்டுக் காலையில் பார்ப்போம். அசையாவிட்டால் மறுபடியும் இட்டு, இன்னொரு நாள் காத்திருப்போம். இரண்டு மூன்று நாள் ஆனாலும் நட்டமில்லை. நமக்குப் பதிலாக எண்ணெய் வேலை செய்துகொண்டிருக்கிறது.

நான்காவது, தட்டுவது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அதுதான் இங்கே வழி. ஓங்கி ஓர் அடி போடுவதைவிட, நட்டின் பக்கங்களில் சிறு சுத்தியலால் லேசாகப் பல அடிகள் தட்டுவது நல்லது. அந்த அதிர்வில் துரு உதிர்கிறது. எண்ணெய் உள்ளே இறங்குகிறது. போல்ட்டின் முனையில் நேராக அடித்தால் மரை நசுங்கிவிடும்.

ஐந்தாவது, திருகுவது. வாயைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் ஸ்பேனரைவிட, நட்டின் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் சிறந்தது. அது எல்லா மூலைகளையும் பற்றிக்கொள்வதால் நட்டு மழுங்காது. முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு சிறிது அசைத்துப் பார்ப்போம். துருவின் பிடி விட்டால் ஒரு சிறு ஒலி கேட்கும். பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, மீண்டும் இறுக்கும் பக்கம் அதில் பாதி, நடுவே ஒரு சொட்டு எண்ணெய் என்று முன்னும் பின்னுமாகப் போக வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் உதிர்ந்த தூள் மரையில் சிக்கி, நட்டு மறுபடியும் இறுகிக்கொள்ளும்.

இதற்கும் மசியாவிட்டால் சூடு காட்டுவது உண்டு. நட்டைச் சூடாக்கினால் அது விரியும், பிடி தளரும். ஆனால் பெட்ரோல் தொட்டி, டயர், மண்ணெண்ணெய் ஊறிய துணி ஆகியவற்றின் அருகே நெருப்பு வேண்டவே வேண்டாம். பிரேக்கிலும் முன்சக்கரத்தைத் தாங்கும் கவையிலும் உள்ள பாகங்களுக்குச் சூடு காட்டினால் அவற்றின் உறுதி கெடக்கூடும். இவற்றைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுவதே அறிவு. அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் அலுமினிய உறைக்குள் இரும்புத் திருகு இறுகியிருந்தால், கொதிநீர் ஊற்றினாலே பல வேளைகளில் இளகும். இரும்புச் சட்டத்திற்குள் அலுமினியத் தண்டு இருந்தாலோ, சூடு காட்டினால் இன்னும் இறுகும். அங்கே தண்டின்மேல் பனிக்கட்டி வைத்துக் குளிரச் செய்ய வேண்டும்.

நேயர்களே, நட்டு கழன்றுவிட்டது. வேலை முடிந்ததா? இல்லை. முக்கியமான கேள்வி இப்போதுதான் எழுகிறது. கழன்று வந்த பாகத்தை மறுபடியும் மாட்டலாமா?

இந்தக் கேள்விக்கு விடை காண, இயந்திரமே இல்லாமல் பறக்கும் விமானத்தைப் பராமரிப்பவர்களைப் பார்ப்போம். கிளைடர் என்று அதற்குப் பெயர். வேறொரு விமானமோ சுழல்பொறியோ கயிறு கட்டி இழுத்து மேலே ஏற்றிவிட, பிறகு மேலெழும் காற்றை நம்பி அது மிதக்கும். 1966-ஆம் ஆண்டு ஜெர்மனியில் முதன்முதலாகப் பறந்த ஏ.எஸ்.கே. 13 என்பது அத்தகைய ஒன்று. இருவர் அமரக்கூடிய அதன் உடல் எஃகுக் குழாயாலும், சிறகுகள் மரத்தாலும் ஆனவை. பறக்கும் பயிற்சிக்கு அது பல நாடுகளில் பயன்பட்டது.

இத்தகைய பழைய கிளைடர்களில் சிறகை உடலோடு இணைப்பவை எஃகு முளைகளும் போல்ட்டுகளுமே. ஈர மரத்தோடு சேர்ந்த திருகும் துருப்பிடித்து இறுகும். ஆனால் அவர்கள் நெருப்புக் காட்ட முடியாது. மரத்தை ஒட்டிய பசையும் மேலே போர்த்திய துணியும் கெட்டுவிடும். பலமாக அடிக்கவும் முடியாது, ஒட்டு விட்டுப்போகும். எண்ணெயைக்கூட மரத்தில் ஊறவிடாமல் சொட்டுச் சொட்டாகத்தான் இட வேண்டும். அங்கே பொறுமை ஒன்றே கருவி.

கழன்று வந்த பாகத்தை அவர்கள் அப்படியே திரும்ப மாட்டுவதில்லை. துடைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெடிப்பு உண்டா, அரித்த குழி உண்டா என்று தேடுகிறார்கள், தடிப்பை அளக்கிறார்கள். ஐயம் இருந்தால் பாகம் குப்பைக்குப் போகும். நட்டு கழலாமலிருக்கச் செருகி வளைக்கும் ஸ்பிளிட் பின்னை ஒருமுறை கழற்றினால், மீண்டும் பயன்படுத்துவதே இல்லை. எல்லாம் முடிந்த பின், தகுதி பெற்ற ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வானத்தில் சிறகு கழன்றால் ஓரமாக நிறுத்திச் சரிசெய்ய வழியில்லை அல்லவா?

நம் மோட்டார் சைக்கிள் தரையில்தான் ஓடுகிறது. ஆனாலும் பின்னால் பிள்ளையை அமர்த்திக்கொண்டு, மழையில் நனைந்த செம்மண் இறக்கத்தில் வரும்போது பிரேக் கம்பியைப் பிடித்திருக்கும் நட்டு கழன்றால் என்ன ஆகும்? அந்த நேரத்தில் அந்த நட்டு விமானத்து நட்டுக்கு எவ்விதத்திலும் குறைந்தது அன்று. எனவே பிரேக், சக்கர அச்சு, கைப்பிடி, முன்கவை ஆகிய நான்கு இடங்களிலும் கிளைடர்க்காரர்களின் விதியே நம் விதியாக இருக்கட்டும். கழுத்து மெலிந்த போல்ட்டு, மரை தேய்ந்த நட்டு, குழி விழுந்த அச்சு ஆகியவை கண்ணில் பட்டால் புதியதை வாங்கி மாட்டுவோம். கையால் எளிதில் சுழலும் அளவுக்குத் தளர்ந்துபோன பூட்டு நட்டையும் மாற்றிவிடுவோம். அதற்கு ஆகும் செலவு மருத்துவமனைச் செலவைவிட மிகக் குறைவு.

திரும்ப மாட்டும்போது மரையைத் துடைத்து உலர்த்திச் சிறிது கிரீஸ் தடவினால், அடுத்த முறை இந்தப் பாடு இல்லை. அலுமினியமும் இரும்பும் சேரும் இடத்தில் இது கட்டாயம் வேண்டும். ஆனால் பிரேக் கட்டையிலும் தட்டிலும் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளியும் படக்கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது.

உரம் ஏற்றிய நாளில் வண்டியை நல்ல நீரால் கழுவி, துடைத்து, நிழலில் உலரவிடுவோம். மாதம் ஒருமுறை சங்கிலிக்கும் வெளியே தெரியும் மரைகளுக்கும் எண்ணெய் இடுவோம். இந்த வேலையில் ஆண், பெண் என்ற வேறுபாடு வேண்டாம். பிள்ளைகளையும் அருகில் அமர்த்தி, எது நேர்மரை, எது எதிர்மரை என்று காட்டிக் கொடுப்போம். வீட்டு முற்றத்தில் கற்ற இந்தக் கைவேலை, நாளை அவர்களுக்கு ஒரு தொழிலாகவும் அமையலாம்.

இறுகிய நட்டைக் கண்டால் இனி முதலில் எண்ணெயை எடுப்போம். ஓர் இரவு காத்திருப்போம். பிறகு ஸ்பேனரை எடுப்போம். கழன்று வந்ததை வெளிச்சத்தில் பிடித்து ஒரு முறைக்கு இரு முறை பார்ப்போம்.