யாருக்கும் சொந்தமில்லாத ஆட்டம்



2003 ஜனவரியில் பெர்லின் நகரத்து டிரெப்டோவில், ஸ்ப்ரே ஆற்றங்கரையில், முன்பு பேருந்துப் பணிமனையாக இருந்த ஒரு பெரிய கூடத்தில் 250 பிள்ளைகள் ஆடினார்கள். 25 நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். மேடை ஏறிப் பழக்கமில்லாதவர்களே அதிகம். அவர்களுக்காக வாசித்தது பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு. அதை வழிநடத்தியவர் சைமன் ரேட்டில். நடனம் அமைத்த ராய்ஸ்டன் மால்டூம், எத்தியோப்பியாவில் அடிஸ் அபாபாவின் தெருப்பிள்ளைகளை ஆடவைத்த அனுபவத்தோடு வந்தவர். ஒத்திகைகளைப் படமாக்கிய 'ரிதம் இஸ் இட்' 2004இல் திரைக்கு வந்தது. உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள்.

இப்படி ஒன்று நடந்தால் 'பல பண்பாடுகளின் சங்கமம்' என்று சொல்லிப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பாராட்டு உண்மையான காரணத்தை மூடிவிடுகிறது என்பது என் கருத்து. துருக்கிப் பிள்ளை துருக்கி ஆட்டத்தையும் ஆப்பிரிக்கப் பிள்ளை ஆப்பிரிக்க ஆட்டத்தையும் கொண்டுவந்து காட்டும்படி அங்கே எவரும் கேட்கவில்லை. எல்லோர் முன்னும் வைக்கப்பட்டது இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு'. 1913 மே 29 அன்று பாரிசில் அது முதன்முதலாக அரங்கேறியபோது எழுந்த கூச்சலில் ஆடியவர்களுக்கு இசையே கேட்கவில்லை. அன்று நடனம் அமைத்த நிஜின்ஸ்கி மேடையோரம் நின்று எண்ணிக்கையை உரக்கக் கத்த வேண்டியிருந்தது. இன்றும் அது கடினமான இசைதான். அதன் இறுதி ஆட்டத்தில் தாளக்கணக்கு அடிக்கு அடி மாறிக்கொண்டே போகும். பரத வகுப்பில் ஐந்தையும் ஏழையும் விரல்விட்டு எண்ணிப் பழகிய நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குக்கூட அது லேசில் பிடிபடாது. ஜெர்மானியக் குடும்பத்துப் பிள்ளைக்கும் அது பாட்டி வீட்டுப் பாட்டு கிடையாது. ஆகவே யாரும் வீட்டுக்காரராகவும் யாரும் விருந்தாளியாகவும் நிற்க முடியவில்லை. தெரியாத ஒன்றின் முன் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். அந்தச் சமநிலையைத்தான் நான் கொண்டாடுகிறேன்.

அன்றைய ஜெர்மனியில் அந்தச் சமநிலை எவ்வளவு அரிது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2001 டிசம்பரில் பல நாட்டு மாணவர்களின் கல்வித்திறனை ஒப்பிடும் பிசா ஆய்வின் முதல் முடிவுகள் வந்தபோது நாடே அதிர்ந்தது. குடும்பத்தின் நிலைமை பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பது மிக அழுத்தமாகத் தெரிந்த நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று. பத்து, பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைகளைத் தரம் பிரித்து வெவ்வேறு பள்ளிகளுக்கு அனுப்புவது ஜெர்மானியப் பள்ளி முறை. உனக்கு இவ்வளவுதான் வரும் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளையிடம், உலகின் முன்னணி இசைக்குழுவோடு அடி பிசகாமல் ஆட வேண்டும் என்று சொல்வது சாதாரணக் காரியமா? அந்த எதிர்பார்ப்பே ஒரு மரியாதை.

அது மரியாதையா, கடுமையா என்று கேட்பவர்கள் உண்டு. ஒத்திகையில் பேச்சும் சிரிப்பும் கூடாது என்பதில் மால்டூம் விட்டுக்கொடுக்கவே இல்லை. பிள்ளைகளை இவ்வளவு நெருக்கலாமா என்ற கவலை ஆசிரியர்கள் பக்கமிருந்து எழுந்ததைப் படத்திலேயே காணலாம். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் பிள்ளையை அவமதிக்கும் கண்டிப்பு வேறு, அவனால் முடியும் என்று நம்பிக் காத்திருக்கும் கண்டிப்பு வேறு. நம் நட்டுவனார்களிடம் இரண்டு வகையும் உண்டு, இரண்டின் பலனையும் நாம் அறிவோம். இரக்கப்பட்டு அளவுகோலைத் தாழ்த்துவது வெளியே தெரியாமல் பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

இப்படி வேறோர் இசைக்கு ஆடினால் சொந்தப் பண்பாடு கரைந்துபோகாதா என்ற அச்சம் புலம்பெயர்ந்த நம் தமிழ்ச் சமூகத்துக்கு நெருக்கமானது. ஊரையும் உறவையும் இழந்து வந்தவர்கள் தமிழ்ப் பள்ளியையும் நடன வகுப்பையும் உயிராகப் பிடித்துக்கொண்டதை ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பரதத்தின் அடிப்படையான தட்டடவை ஒழுங்காகக் கற்ற கால் வேறொரு தாளத்துக்கு ஆடினால் தட்டடவை மறந்துவிடாது. எண்ணப் பழகிய காது இன்னொரு கணக்கை விரைவில் பிடிக்கும், அவ்வளவே.

இன்னொரு மறுப்பு இருக்கிறது, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சில வார ஒத்திகையும் ஒரு மேடையும் பள்ளிகளின் தரம் பிரிப்பை மாற்றிவிடுமா? மாற்றவில்லை. விளக்குகள் அணைந்தபின் பிள்ளைகள் அதே வகுப்பறைகளுக்குத்தான் திரும்பினார்கள். ஆகவே இத்தகைய முயற்சி திருவிழாபோல் வந்துபோகாமல் பாடவேளைக்குள் இடம்பெற வேண்டும் என்று கேட்பதே சரி. பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் கல்வித் திட்டம் அந்த ஒரு நிகழ்ச்சியோடு நின்றுவிடவில்லை என்பது ஆறுதல்.

இந்த அவையிடம் ஒன்று கேட்கிறேன். நம் அரங்கேற்றங்களில் நம் பிள்ளை ஆட, நாம் பார்க்கிறோம். அவளோடு தினமும் ஒரே பெஞ்சில் அமரும் சிரியப் பிள்ளையும் போலந்துப் பிள்ளையும் வந்தால்கூடப் பார்வையாளர் வரிசையில்தான் உட்காருகிறார்கள். அடுத்த ஆண்டு விழாவில் கால்மணி நேரத்தை ஒதுக்குங்கள். அந்தப் பிள்ளைகளையும் மேடைக்கு அழையுங்கள். யார் வீட்டுப் பாட்டாகவும் இல்லாத ஓர் இசையைத் தேர்ந்தெடுங்கள். ஒத்திகைக்கு மூன்று மாதம் கொடுங்கள். நட்டுவாங்கத் தட்டுக்கழி நம் ஆசிரியர் கையிலேயே இருக்கட்டும்.