விடுமுறை மாதத்தில் வெகுமதி ஆசனம்



விமானத்தில் ஓர் ஆசனம் என்பது மிக விரைவில் அழியும் பண்டம். சந்தையில் மீன் விற்பவனுக்கு மாலை வரையேனும் அவகாசம் உண்டு. விலைப்படாததைக் கருவாடாக்கவும் அவனுக்கு வழி உண்டு. விமானக் கம்பனிக்கோ கதவு பூட்டப்பெற்ற கணத்தோடு எல்லாம் முடிந்தது. வெறுமையாய்ப் பறந்த ஆசனத்தை மறுநாள் விற்க முடியாது. அவ்வாறு வெறுமையாகப் போகக்கூடும் என்று கம்பனி முன்கூட்டியே மதிப்பிட்ட ஆசனங்களிற் சிலவற்றைத்தான் அது தன் வாடிக்கையாளருக்கு, அவர்கள் சேர்த்து வைத்த புள்ளிகளுக்கு ஈடாக, வெகுமதி ஆசனம் என்ற பெயரால் வழங்குகின்றது. யாழ்ப்பாணத்துச் சந்தையை அறிந்தவர் அதனை வெள்ளிக்கிழமை மீன் என்று சொல்லிவிடலாம். பெரும்பாலான வீடுகளில் மரக்கறி சமைக்கும் நாளிலே மீன் மலிவாகக் கிடைப்பது வியப்பன்று. அதே மீனை அதே விலைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையிற் கேட்டால் என்ன விடை கிடைக்கும்?

இலண்டனில் வாழும் எங்கள் குடும்பங்களுள் அநேகம் ஆண்டுதோறும் கேட்பது இந்த ஞாயிற்றுக்கிழமை மீனைத்தான். அவர்கள் வேண்டுமென்றே அந்நாளைத் தெரிவதில்லை. இங்கிலாந்தின் பாடசாலைகள் யூலை மாதக் கடைசியில் மூடப்பட்டுச் செப்ரெம்பர் தொடக்கத்தில் மீண்டும் திறக்கப்படுகின்றன. தவணைக் காலத்திலே அனுமதியின்றிப் பிள்ளையைக் கூட்டிச் செல்லும் பெற்றோருக்கு அந்நாட்டில் தண்டப்பணம் விதிக்கப்படலாம். 2024 ஓகஸ்ட் முதல் அது பிள்ளை ஒன்றுக்குப் பெற்றோர் ஒருவருக்கு 80 பவுண், 21 நாளிற் செலுத்தத் தவறினால் 160 பவுண். தண்டம் கட்டிவிட்டுப் போவது இலாபம் என்று கணக்குப் பார்ப்போரும் உளர். பாடசாலையை விடுதிபோல எண்ணும் கணக்கு அது. அதனை விட்டுவிடலாம்.

நல்லூர்க் கந்தசுவாமி கோவிற் பெருவிழாவும் இவ்விடுமுறையை ஒட்டியே வருகின்றது. இருபத்தைந்து நாள் விழா. திதியைப் பின்பற்றுவதால் ஆங்கிலத் திகதி ஆண்டுக்காண்டு நகரும். 2025 இல் யூலை 29 ஆந் திகதி கொடியேறியது. 2023 இல் ஓகஸ்ட் 21 ஆந் திகதி ஏறியமையால் தேர் செப்ரெம்பருக்குப் போய்விட்டது. ஆகவே பிள்ளைகளோடு தேருக்கு நிற்கக்கூடிய ஆண்டுகள் எல்லா ஆண்டுகளும் அல்ல. கோண்டாவிலிலோ கரவெட்டியிலோ எண்பது வயதைத் தாண்டிய ஒரு தாய், "பிள்ளையள், இந்த முறையெண்டாலும் தேருக்கு நிப்பியளோ?" என்று தொலைபேசியிற் கேட்கிறாள். அவளுக்கு இன்னும் எத்தனை தேர் என்பதை அவளும் எண்ணுவாள், அவள் மகளும் எண்ணுவாள். இருவரும் அதனைப் பேசிக்கொள்வதில்லை.

இந்தப் புள்ளி முறை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1978 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசாங்கக் கட்டுப்பாட்டை நீக்க, கம்பனிகள் தம்முட் போட்டியிடத் தொடங்கின. பிரயாணி ஒரே கம்பனியையே நாட வேண்டும் என்பதற்காக 1981 மே மாதத்தில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் பறந்த மைல்களைக் கணக்கு வைக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. அதே மாதத்தில் யுனைற்றெட்டும் பின்தொடர்ந்தது. அக்காலத்தில் மைல் சேர்க்க வேண்டுமாயின் பறக்க வேண்டும். 1987 இல் வங்கியின் கடனட்டை ஒன்று அமெரிக்கன் கம்பனியின் மைல்களோடு இணைக்கப்பட்டது. அன்றிலிருந்து அரிசி வாங்கினாலும் மைல், பெற்றோல் அடித்தாலும் மைல். புள்ளி வைத்திருப்போர் தொகை பெருகியது. விமானத்தின் ஆசனத் தொகை அவ்வாறு பெருகவில்லை. இன்றைய நெருக்கடியின் பாதி இதற்குள் அடங்கும்.

மற்றப் பாதி அதனினும் பழையது. பி. ஓ. ஏ. சி. என்ற பிரித்தானியக் கம்பனியைப் பழைய நேயர்கள் மறந்திரார். அதிலே கடமையாற்றிய கென் லிட்டில்வுட் என்பவர் 1972 இல் ஒரு விதியை எடுத்துரைத்தார். மலிவான கட்டணத்துக்கு ஓர் ஆசனத்தை இன்று விற்கலாமா, அன்றி அதிக கட்டணம் தருபவன் நாளை வருவான் என்று வைத்திருக்கலாமா என்பதே கேள்வி. மலிவுக் கட்டணம் 400 பவுண், உயர்ந்த கட்டணம் 1,000 பவுண் என்று கொள்ளலாம். பின்னர் உயர்ந்த கட்டணக்காரன் வருவதற்குப் பத்திலே நாலு பங்குக்கு மேல் வாய்ப்பு இருந்தால் இன்று விற்கக் கூடாது. அவ்வளவுதான் விதி. இன்றைய கணினிகள் இதனையே மிக நுட்பமாக, ஒவ்வொரு விமானத்துக்கும், நாளுக்குப் பலமுறை கணக்கிடுகின்றன. மலிவுச் சீட்டுக்கே இந்த நிலைமையானால், கம்பனிக்குக் கிடைக்கும் வருமானத்தில் அதனினும் கடைப்பட்ட வெகுமதி ஆசனம் எங்கே நிற்கும்? பெப்ரவரியின் ஒரு செவ்வாய்க்கிழமை உயர்ந்த கட்டணக்காரன் வரமாட்டான் என்று கணினிக்குத் தெரியும், கதவைத் திறந்துவிடும். யூலைக் கடைசிச் சனிக்கிழமை அவன் கட்டாயம் வருவான். அதுவும் தெரியும்.

எனவே ஆசனம் இல்லை என்று கணினி கூறும்போது விமானம் நிரம்பிவிட்டது என்று பொருளன்று. காசுக்கு வேண்டிய ஆசனம் அங்கே இருக்கும், புள்ளிக்கு இல்லை. இந்த வேறுபாட்டை அறியாதவர்களே கம்பனி ஏமாற்றுகிறது என்று வீணே மனம் வெதும்புகின்றனர்.

குடும்பமாயின் இடர் இன்னும் கூடும். தந்தை, தாய், பதின்மூன்று வயது மகன், ஒன்பது வயது மகள் என நால்வர் கொண்ட ஒரு வீட்டை உதாரணமாகக் கொள்ளலாம். வெகுமதிக்கென ஒதுக்கிய கூடையில் இரண்டு ஆசனமே இருக்கும்போது நாலு கேட்டால், கணினி இரண்டு உண்டு என்று சொல்லாது. இல்லை என்றே சொல்லும். ஆதலால் தேடுவோர் முதலில் ஒருவருக்கு, பின் இருவருக்கு, பின் மூவருக்கு என்று தனித்தனியே கேட்டுப் பார்த்தல் வேண்டும். வெறும் பாலைவனமாய்த் தோன்றிய மாதத்தில் அங்குமிங்கும் இரண்டிரண்டு ஆசனங்கள் தென்படுவதை அப்போது காணலாம். புள்ளிகளும் அவ்வாறே சிதறிக் கிடப்பதுண்டு: தந்தையிடம் சில, தாயிடம் சில, பிள்ளைகளின் பெயரிலும் சில. ஒரே முகவரியில் வாழ்வோர் அவற்றை ஒரு கணக்கிற் சேர்த்துக்கொள்ளப் பிரிட்டிஷ் எயார்வேஸ் போன்ற கம்பனிகள் இடமளிக்கின்றன. அதனை ஆசனம் தேடும் இரவில் அல்ல, பல மாதங்களுக்கு முன்னரே செய்துவிட வேண்டும்.

காலம் பற்றிய செய்தியே இதில் முதன்மையானது. பிரிட்டிஷ் எயார்வேஸ் தன் ஆசனங்களைப் பயணத்துக்கு 355 நாட்களின் முன் திறக்கின்றது. நெடுந்தூர விமானம் ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சம் இத்தனை ஆசனத்தை வெகுமதிக்கு விடுவதாகவும் அது உறுதி கூறியிருக்கிறது. சாதாரண வகுப்பில் அவ்வுறுதி 8 ஆசனம். நால்வர் கொண்ட இரு குடும்பங்கள் வந்தால் அந்த எட்டும் முடிந்தன. யூலை 25 ஆந் திகதி புறப்பட விரும்புவோர் முந்திய ஆண்டு ஓகஸ்ட் 4 ஆந் திகதியே கணினி முன் இருத்தல் வேண்டும். இவ்வாண்டு ஊருக்குப் போனவர்கள் இன்னும் ஊரிலேயே நிற்கும் நாள் அது! ஓகஸ்ட் 28 இல் திரும்பும் ஆசனமோ செப்ரெம்பர் 7 வரை திறக்கப்படாது. போகும் வழியை எடுத்துவிட்டு ஐந்து வாரம் திரும்பும் வழிக்காகக் காத்திருக்கும் இக்காலத்தில் துணிவற்றோர் பின்வாங்கி விடுகின்றனர். அவ்வாறு அஞ்ச வேண்டியதில்லை. வெகுமதிச் சீட்டுக்களிற் பெரும்பாலானவற்றைப் பயணத்துக்கு ஒரு நாள் முன்வரை சிறு கட்டணம் செலுத்தி இரத்துச் செய்து புள்ளிகளை மீளப் பெறலாம். முதலில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு, பின்னர் நல்லது கிடைத்தால் மாற்றுவதே உசிதம். காசுச் சீட்டில் இந்தச் சுதந்திரம் அரிது.

தவறவிட்டவர்களுக்கு இன்னொரு வாயில், புறப்படுவதற்குச் சில வாரங்களின் முன் திறப்பதுண்டு. எதிர்பார்த்த உயர்ந்த கட்டணக்காரர் வராவிடின் கம்பனி எஞ்சிய ஆசனங்களை விடுவிக்கும். தனி மனிதனுக்கு அது நல்ல வாய்ப்பு. லீவு எடுத்து, விசா எடுத்து, நாலு பெட்டி கட்ட வேண்டிய குடும்பம் அதை நம்பி இருக்கலாகாது.

எவ்வழியாகப் போவது என்பது அடுத்த யோசனை. எல்லாரும் முதலிற் பார்ப்பது இலண்டனிலிருந்து கொழும்புக்கு நேரே வரும் ஸ்ரீலங்கன் விமானத்தை. அக்கம்பனி 2014 மே மாதம் வன்வேர்ல்ட் கூட்டணியிற் சேர்ந்தமையால் பிரிட்டிஷ் எயார்வேஸின் ஏவியோஸ் புள்ளிகள் அதற்கும் செல்லும். கட்டார் எயார்வேஸும் 2022 முதல் அதே ஏவியோஸை வழங்குவதால் டோகா வழியும் உண்டு. எனினும் பொதுவாக எந்தக் கம்பனியும் தன் அங்கத்தவருக்குக் காட்டும் அளவு ஆசனத்தைப் பிறர் வீட்டு விருந்தாளிக்குக் காட்டுவதில்லை. நல்ல மாதத்திலேயே குறைவு. ஓகஸ்டில் கேட்கவே வேண்டாம்.

பலர் எண்ணிப் பாராத வழி சென்னை. இலண்டன்-சென்னை விமானம் பிரிட்டிஷ் எயார்வேஸின் சொந்த விமானம். ஆகவே முன் சொன்ன எட்டு ஆசன உறுதி அதற்கும் உண்டு. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டு, 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் நின்று, 2022 டிசெம்பரிற் சென்னைச் சேவையை மீளப் பெற்றது. அலையன்ஸ் எயாரைத் தொடர்ந்து 2024 செப்ரெம்பரில் இன்டிகோவும் வந்தது. சென்னையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்தால் பலாலி. கட்டுநாயக்காவில் இறங்கிச் சுமார் நானூறு கிலோமீற்றர் தெருவிலே, தூங்கி விழும் பிள்ளைகளோடு வரும் துன்பம் இல்லை. நெடுந்தூரத்தைப் புள்ளிக்கும் குறுந்தூரத்தைக் காசுக்கும் எடுப்பதே இங்குள்ள சூட்சுமம். ஆயினும் இரு தனிச் சீட்டுக்களாதலின் சென்னையிற் குடிவரவைக் கடந்து, பெட்டிகளை எடுத்து, மறுபடியும் ஒப்படைக்க நேரும்; பிரித்தானியக் கடவுச்சீட்டு உடையோர்க்கு அதற்கு இந்திய விசா தேவை. முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது காத்து நிற்காது. சென்னையில் ஓர் இரவு தங்குவது பாதுகாப்பு. நெடுந்தூர விமானம் அனுமதிக்கும் நிறையைச் சிறு விமானமும் அனுமதிக்கும் என்று எண்ணுவதும் கூடாது. மாமிக்கு ஒன்று, சின்னம்மாவுக்கு ஒன்று என்று சேரும் சொக்கிலேற் பெட்டிகள் இங்கேதான் தடைப்படும்.

இனி, இலவசம் என்ற சொல். வெகுமதிச் சீட்டுக்கும் வரியும், கம்பனி விதிக்கும் மேலதிகக் கட்டணமும் காசாகவே கட்ட வேண்டும். பிரித்தானியாவின் விமானப் பிரயாண வரி 2016 மார்ச் முதல் சாதாரண வகுப்பிற் செல்லும் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இல்லை என்பது குடும்பத்துக்கு ஓர் ஆறுதல். காசுச் சீட்டு 1,100 பவுண், வெகுமதிச் சீட்டுக்குக் கட்டவேண்டியது 300 பவுணும் 50,000 புள்ளியும் என்று வைத்துக்கொண்டால், அந்த 50,000 புள்ளி 800 பவுணை மிச்சப்படுத்துகிறது. புள்ளி ஒன்று 1.6 பென்ஸ். அதே கணக்கை நவம்பரிற் செய்தால் காசுச் சீட்டு 600 பவுணாக இருக்கலாம். அப்போது புள்ளியின் பெறுமதி 0.6 பென்ஸாக இறங்கிவிடும். புள்ளி எளிதாகச் செல்லும் மாதத்தில் அதற்குப் பெறுமதி இல்லை. பெறுமதி உள்ள மாதத்தில் அது செல்வதில்லை. அதற்காக ஆண்டுக்கணக்காய்ப் பூட்டி வைப்பதும் பிழை. வேண்டிய புள்ளித் தொகையைக் கம்பனி தன் விருப்பப்படி உயர்த்தலாம். 2015 இல் டெல்ற்றாவும் 2019 இல் யுனைற்றெட்டும் தம் விலை அட்டவணையையே நீக்கிவிட்டன. வங்கியிலுள்ள பணத்துக்குச் சட்டம் காவல். புள்ளிக்கு அத்தகைய காவல் இல்லை.

இவ்வளவு செய்தும் நாலு ஆசனம் ஒரே விமானத்தில் அகப்படாத ஆண்டும் வரும். அப்போது குடும்பத்தை இரண்டாகப் பிரிக்கலாம். தாயும் மகளும் செவ்வாய்க்கிழமை, தந்தையும் மகனும் வெள்ளிக்கிழமை. சேர்ந்து போனாற்றான் விடுமுறை என்று பிடிவாதம் செய்து எல்லாருமே நின்றுவிடுவதிலும் இது மேல். மூன்று ஆசனம் புள்ளிக்கும் நாலாவதைக் காசுக்கும் வாங்குவதும் தகும். ஆனால் பிள்ளையின் சீட்டு வளர்ந்தவர் ஒருவரின் சீட்டோடு ஒரே பதிவிலே இருத்தல் வேண்டும். இரண்டு பதிவும் ஒரே வீட்டாருடையவை என்பது கம்பனியின் கணினிக்குத் தெரியாது. ஒன்றின் நேரம் மாற்றப்பட்டால் மற்றது அசையாது நிற்கும். பதினொரு மாத இடைவெளியில் அட்டவணை ஒரு முறையேனும் மாறக்கூடுமாகையால், மாதம் ஒரு தடவை இரண்டையும் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கோண்டாவிலுக்குத் திகதி சொல்வதும் திரும்பும் ஆசனங்கள் உறுதியான செப்ரெம்பருக்குப் பின்னராகட்டும். சொன்ன நாளிலிருந்து அங்கே ஒரு கலண்டரில் இரண்டு வட்டங்கள் இருக்கும்.