லிமாவில் மூடியிருந்த ஷட்டர்கள்

1964 மே 24, ஞாயிற்றுக்கிழமை. பெரு நாட்டின் தலைநகர் லிமாவில், தேசிய மைதானத்தில் சுமார் 53,000 பேர் கூடியிருந்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று. பெருவும் அர்ஜென்டினாவும் மோதின. அர்ஜென்டினா ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய ஆறு, ஏழு நிமிடங்களே பாக்கி. அர்ஜென்டினாவின் தடுப்பாட்டக்காரர் பந்தை வெளியே அடிக்கப் போனபோது, பெருவின் லோபாடோன் காலைத் தூக்கிக் குறுக்கே வைத்தார். பந்து அவர் காலில் பட்டுத் திரும்பி வலைக்குள் புகுந்தது. மைதானம் துள்ளி எழுந்தது. உருகுவேயிலிருந்து வந்திருந்த நடுவர் ஆங்கெல் பாசோஸ் விசில் ஊதினார். கோல் இல்லை, ஃபவுல் என்றார்.

அடுத்த சில நிமிடங்களில் நடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முதலில் ஒருவர் வேலியைத் தாண்டி ஓடிவந்து நடுவரைத் தாக்கினார். மைதானங்களில் அடிக்கடி தகராறு செய்பவர் என்று ஊரறிந்த ஆள் அவர். காவலர்கள் பிடித்து இழுத்துப் போனார்கள். பின்னாலேயே இன்னொருவர் ஓடிவந்தார். அவரைக் காவலர்கள் தடியால் அடித்து உதைத்தார்கள், நாய்களையும் ஏவினார்கள். அத்தனை பேர் கண்ணெதிரே இது நடந்தது. அதுவரை நடுவர்மீது இருந்த கோபம் அந்த நொடியில் காவல்துறைமீது திரும்பியது. கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்தார்கள். சில டஜன் பேர் திடலுக்குள் இறங்கினார்கள்.

காவல்துறை கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியது. திடலில் நின்றவர்களை நோக்கி மட்டும் வீசவில்லை. குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் நிறைந்த கேலரிக்குள்ளும் வீசியது. கண் எரிந்து மூச்சுத் திணறியவர்கள், படிக்கட்டுச் சுரங்கம் வழியாகத் தெருவை நோக்கி இறங்கினார்கள். சுரங்கத்தின் அடியில் இரும்பு ஷட்டர்கள். ஆட்டம் நடக்கும் நேரம் முழுவதும் அவை திறந்திருக்க வேண்டும். அன்று மூடிக் கிடந்தன.

முன்னால் போனவர்களுக்கு ஷட்டர் மூடியிருப்பது தெரிந்தது. திரும்பி ஏறலாம் என்றால், மேலே இருந்தவர்கள் புகைக்குப் பயந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரிய வழியில்லை. இருட்டில், படிகளில், ஒருவர்மேல் ஒருவராக நெருக்குண்டார்கள். நெரிசல் தாங்காமல் கடைசியில் ஷட்டர்களே பிய்ந்து விழுந்தன. அரசுக் கணக்கில் 328 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மூச்சுத் திணறி இறந்தவர்கள். கால்பந்து வரலாற்றில் இதைவிடப் பெரிய மைதானச் சாவு பதிவாகவில்லை.

விசாரித்த நீதிபதி பெஞ்சமின் காஸ்தானேதா, வெளியே துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களும் உண்டு, அவர்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று கருதினார். கண்ணீர்ப்புகைக்கு உத்தரவிட்ட காவல் அதிகாரிக்கு 30 மாதச் சிறை கிடைத்தது. அந்த நீதிபதிக்கும் தண்டனை உண்டு: அறிக்கையை ஆறு மாதம் தாமதமாகத் தந்தார் என்றும், 328 பிரேதப் பரிசோதனைகளுக்கும் நேரில் போகவில்லை என்றும் அவருக்கு அபராதம் விதித்தார்கள்.

லிமாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம், மறுக்கப்பட்ட கோலால் கலவரம், நூற்றுக்கணக்கானோர் பலி என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். இந்தச் சுருக்கம் உண்மையை மறைக்கிறது. கோலை மறுத்தது சரியா தவறா என்று இன்றைக்கும் வாதிடலாம். அந்த முடிவு யார் உயிரையும் எடுக்கவில்லை. கேலரிக்குள் விழுந்த புகைக் குண்டும் மூடியிருந்த ஷட்டரும்தான் எடுத்தன. கோபப்பட்ட கூட்டத்தின் தலையில் பழி முழுவதையும் கட்டிவிட்டால், சாவியைக் கையில் வைத்திருந்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

லிமா ஒரு பழைய கதை, அது போயிற்று என்று விட்டுவிடவும் வழியில்லை. 2001 மே 9, கானா நாட்டின் அக்ரா. ஹார்ட்ஸ் ஆஃப் ஓக் அணி கடைசி நேரத்தில் இரண்டு கோல் போட்டு, அசாந்தே கோடோகோவை 2-1 என்று வென்றது. தோற்ற அணியின் ரசிகர்கள் நாற்காலிகளைப் பிய்த்து எறிந்தார்கள். காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. வெளியே ஓடியவர்களுக்குக் கதவுகள் பூட்டியிருந்தன. 126 பேர் இறந்தார்கள். காவல்துறை அளவுக்கு மீறி நடந்துகொண்டது என்றுதான் விசாரணைக் குழுவும் சொன்னது.

2024 டிசம்பர் 1, கினி நாட்டின் என்செரெகோரே. உள்ளூர் அணியும் லாபே அணியும் ஆடிய இறுதிப் போட்டி. நடுவரின் முடிவு ஒன்றை எதிர்த்துக் கல்வீச்சு. மறுபடியும் கண்ணீர்ப்புகை, மறுபடியும் வாசலில் நெரிசல். 56 பேர் என்றது அரசு; அதைவிட மிக அதிகம் என்றன மனித உரிமை அமைப்புகள். லிமாவுக்குப் பிறகு அறுபது ஆண்டுகள் ஓடியிருந்தன.

மைதானத்துக்குள் துப்பாக்கியோ கூட்டத்தைக் கலைக்கும் புகையோ கொண்டுபோகவும் கூடாது, பயன்படுத்தவும் கூடாது என்று ஃபிஃபாவின் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. ஆனால் உள்ளூர்ப் போட்டிகளில் காவலுக்கு நிற்பது அந்தந்த நாட்டுக் காவல்துறை. தெருவில் மறியலைக் கலைக்கப் பழகிய கை, மைதானத்திலும் அதையே செய்கிறது. தெருவில் புகை வீசினால் ஓடுவதற்கு நாலு பக்கமும் வழியிருக்கும். கேலரியில் இருப்பது ஒரு படிக்கட்டும் ஒரு வாசலும்தான். 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் 135 பேர் இறந்ததும் இப்படித்தான். அங்கே நடுவரின் முடிவு பற்றிய பிரச்சினையே இல்லை. சொந்த அணி தோற்றதும் சிலர் திடலுக்குள் இறங்கினார்கள், அவ்வளவுதான்.

இந்தியாவுக்கும் இந்த வேதனை தெரியும். 1980 ஆகஸ்ட் 16, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய லீக் ஆட்டம். ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித் கடுமையாகக் குறுக்கிட்டதில், மோகன் பகானின் பிதேஷ் போஸ் கொதித்தார். திடலில் தொடங்கிய கைகலப்பு கேலரிக்கு ஏறியது. இரு அணி ரசிகர்களும் கலந்து உட்கார்ந்திருந்த பகுதி அது. கல்லும் செங்கல்லும் பறக்க, தப்பி ஓடிய கூட்டத்தின் நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். ஆட்டம் பார்க்க வந்து வீடு திரும்பாத பிள்ளைகள். ஆண்டுதோறும் அந்த நாளில் கொல்கத்தாவில் கால்பந்து ரசிகர்கள் தினம் என்று ரத்த தானம் நடக்கிறது. நினைவுச் சின்னம் எழுப்புவதைவிட இது உயர்ந்த காரியம்.

அதே இரு அணிகள் 2012 டிசம்பர் 9 அன்று சால்ட் லேக் மைதானத்தில் ஆடின. ஈஸ்ட் பெங்கால் கோல் போட்ட சிறிது நேரத்தில், நடுவரோடு வாக்குவாதம் செய்த மோகன் பகான் வீரர் ஒடாஃபாவுக்குச் சிவப்பு அட்டை. கேலரியிலிருந்து கற்கள் வந்தன. மோகன் பகானின் சொந்த வீரர் ரஹீம் நபியின் முகத்தில் ஒரு கல் பட்டு, அவரை மருத்துவமனைக்குத் தூக்கிப்போனார்கள். இடைவேளைக்குப் பிறகு மோகன் பகான் ஆட வரவில்லை. அணிக்கு முதலில் தடை. பிறகு தடையை நீக்கி ரூ.2 கோடி அபராதம். கல் எறிந்தவர்கள் நடுவரை நோக்கி எறிந்ததாக நினைத்திருக்கலாம். அடிபட்டவர் அவர்கள் நேசித்த அணியின் ஆட்டக்காரர்.

நடுவர்மேல் இவ்வளவு கோபம் எங்கிருந்து வருகிறது? ரசிகர்களின் சந்தேகத்துக்குக் கொஞ்சம் ஆதாரமும் இருக்கிறது. 2002-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், தகுதிபெற்ற 40 நடுவர்களுக்கு லிவர்பூல் ஆடிய ஓர் ஆட்டத்தின் 47 மோதல்களைப் படமாகப் போட்டுக் காட்டினார்கள். சிலருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, சிலருக்குச் சத்தமே இல்லாமல். சத்தம் கேட்டவர்கள், உள்ளூர் அணிக்கு எதிராகச் சுமார் 15 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். இவர்கள் காசு வாங்கியவர்கள் அல்லர், யாருக்கும் வேண்டியவர்களும் அல்லர். காதில் விழும் இரைச்சல் மனசாட்சி உள்ளவரையும் அசைத்துவிடுகிறது. வெளியூர் அணியின் ரசிகன் நமக்கு அநியாயம் நடக்கிறது என்று முனகினால், அது வெறும் தோற்றவன் புலம்பல் இல்லை.

தொழில்நுட்பம் வந்தால் தீரும் என்றார்கள். 2018 உலகக் கோப்பையில் காணொலி நடுவர் முறை வந்தது. அதுதான் எல்லோரும் சொல்லும் வார். அப்பட்டமான தவறுகள் பல குறைந்தன, மறுப்பதற்கில்லை. கோபம் குறையவில்லை. 2024 ஜூலையில் நார்வேயின் ட்ரோன்ஹைமில் ரோசன்போர்க் - லில்லெஸ்ட்ரோம் ஆட்டத்தில், இந்த முறையை எதிர்த்து ரசிகர்கள் மீன் கேக்குகளையும் டென்னிஸ் பந்துகளையும் திடலுக்குள் எறிந்து ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். ஒரு கோலுக்குக் கத்தி முடித்தபின் மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும்; எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதைப் பல இடங்களில் யாரும் சொல்வதில்லை. டிக்கெட் வாங்கி வந்தவரைவிட வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பவருக்கு அதிகம் தெரிகிறது.

முடிவு தவறாக இருப்பதை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், விளக்கம் கிடைக்காததைத்தான் பொறுக்க மாட்டார்கள். 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம். கூடுதல் நேரத்தில் பெங்களூரு அணிக்கு ஒரு ஃப்ரீ கிக். கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர்கள் தடுப்பு வரிசை அமைத்துக்கொண்டிருக்கும்போதே சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் அனுப்பிவிட்டார். நடுவர் கோல் என்றார். விசில் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, உடனே அடிக்கலாம் என்று விதியில் இடமிருக்கிறது. நடுவர் காத்திருக்கச் சொல்லியிருந்தால் மட்டுமே விசில் வேண்டும். காத்திருக்கச் சொன்னாரா, இல்லையா? அரங்கில் இருந்த ஆயிரக்கணக்கானோருக்குத் தெரிய வழியில்லை. பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் அணியையே வெளியே கூட்டிப்போனார். பிளாஸ்டர்ஸுக்கு ரூ.4 கோடி அபராதம், அவருக்கு 10 ஆட்டங்கள் தடை. நடுவர் ஒலிபெருக்கியில் இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால், அந்த இரவு வேறு மாதிரி முடிந்திருக்க இடமுண்டு.

அதற்கான வழியும் வந்துவிட்டது. 2023 மகளிர் உலகக் கோப்பையில், காணொலி பார்த்து எடுத்த முடிவுகளை நடுவர்களே ஒலிபெருக்கியில் அரங்குக்கு அறிவித்தார்கள். 2024 யூரோ கோப்பையில், நடுவரிடம் போய்ப் பேசும் உரிமை அணித்தலைவருக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். பதினொரு பேர் சூழ்ந்து கத்துவது கண்கூடாகக் குறைந்தது. திடலில் வீரர்கள் அடங்கினால் கேலரியும் பாதி அடங்கும்.

பெரிய போட்டிகளுக்கு இதெல்லாம் உண்டு. கேமராவும் வேலியும் இல்லாத சின்ன மைதானங்களில், ஒரு விசிலோடு தனியாக நிற்கும் நடுவருக்கு யார் துணை? 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மெரெ நகரில், தன் மகன் ஆடிய சிறுவர் ஆட்டத்தில் தன்னார்வலராகக் கொடி பிடித்த 41 வயதுத் தகப்பன் ஒருவரை, எதிரணிப் பையன்கள் உதைத்ததில் அவர் இறந்துபோனார். துருக்கியில் 2023 டிசம்பரில், முதல் நிலை லீக் நடுவர் ஹலீல் உமுத் மெலரை முகத்தில் குத்திக் கீழே தள்ளியவர் ஓர் அணியின் தலைவர். நாடு முழுவதும் லீக் ஆட்டங்களை நிறுத்தி வைத்தார்கள். தலைவரே கை ஓங்கும்போது கேலரியில் இருப்பவனுக்கு யார் புத்தி சொல்வது?

நம் ஊர்களிலும் கோடை விடுமுறையில், திருவிழா நாட்களில், கால்பந்துப் போட்டி நடத்தும் மன்றங்கள் நிறைய உண்டு. கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் சிலர் அந்தக் குழுக்களில் இருப்பீர்கள். உங்களிடம் மூன்று வேண்டுகோள். நடுவரின் பெரிய முடிவுகளை மைக்கில் காரணத்தோடு அறிவியுங்கள். ஆட்டம் முடிந்ததும் அவர் பத்திரமாக வெளியேறத் தனி வழி வையுங்கள். முதல் விசிலிலிருந்து கடைசி ஆள் வெளியேறும் வரை எந்தக் கதவையும் பூட்டாதீர்கள். ஒவ்வொரு வாசலிலும் ஓர் ஆள் கடைசிவரை நிற்கட்டும்.