நிலவுப் பூவுக்காகக் காத்திருந்தவர்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற சிறுவர் ஓவியக் கண்காட்சியின் தொடக்கத்தில், கண்காட்சிக் குழுவினர் சார்பில் ஆற்றிய உரை)



நம் வீடுகள் சிலவற்றில் நிஷாகந்திச் செடி உண்டு. பிரம்ம கமலம் என்றும் அதைச் சொல்வார்கள். அது மொட்டு விட்டுவிட்டால் அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் உறக்கம் வராது. அடுத்த வீட்டாரையும் எதிர்வீட்டாரையும் கூப்பிட்டு, திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பூ விரிவதைப் பார்ப்போம். விடிந்ததும் அது தலை கவிழ்ந்துவிடும். ஒரு பூவுக்காக ஓர் இரவு கண்விழிப்பது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். அதே கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு பூவுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்த ஓர் ஓவியரை இன்று நினைவுகூர விரும்புகிறோம். அவர் பெயர் மார்கரெட் மீ.

இவர் 1909-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு விமானத் தொழிற்சாலையில் வரைபடம் வரையும் வேலை பார்த்தார். போருக்குப் பின் ஓவியக் கல்லூரியில் முறையாகப் பயின்றார். 1952-இல் உடல்நலம் குன்றியிருந்த சகோதரியைக் கவனிப்பதற்காகப் பிரேசில் நாட்டுக்குச் சென்றார். போன இடத்தில் பள்ளி ஆசிரியையாகச் சிறுவர்களுக்கு ஓவியம் கற்றுக் கொடுத்தார். அந்நாட்டுச் செடிகொடிகளின் அழகு அவரை அங்கேயே நிறுத்திவிட்டது.

1956-இல், தமது நாற்பத்தேழாம் வயதில், அமேசான் காட்டுக்கு முதன்முறையாகப் புறப்பட்டார். நம்மில் பலர், 'இனி நமக்கெதற்கு அலைச்சல்?' என்று சாய்வு நாற்காலியைத் தேடும் வயது அது. அதற்குப் பின் 32 ஆண்டுகளில் 15 முறை அவர் அந்தக் காட்டுக்குள் போய் வந்தார். சிறு மரத்தோணியில் பயணம். இரவில் ஊஞ்சல் போன்ற வலைப்படுக்கை. மழை, கொசு, காய்ச்சல். மலேரியாவும் மஞ்சள் காமாலையும் அவரை விடவில்லை. தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி ஒன்றையும் எடுத்துச் செல்வார். 1967-இல் பிரேசிலின் மிக உயர்ந்த மலையாகிய, ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரமுள்ள நெப்ளினா சிகரத்தில் ஏற முயன்றார். பெருமழை வழிமறித்ததால் உச்சியைத் தொடாமலே திரும்பினார். ரியோ நேக்ரோ ஆற்றுப் பகதிகளில் பயணம் செய்தபோது, அங்கே பணியாற்றிய சலேசிய சபையாரின் மறைபணி நிலையங்களில் அவருக்குத் தங்க இடம் கிடைத்தது. ஆற்றங்கரைப் பழங்குடி மக்களின் துணை அவருக்கு எப்போதும் இருந்தது.

இவ்வளவு பாடு எதற்கு என்று நாம் கேட்கலாம். காய வைத்த செடியை அறையில் வைத்துக்கொண்டு வரைய முடியாதா? முடியும். ஆனால் காய்ந்த செடியில் நிறம் போய்விடும். இலை எந்தப் பக்கம் சாய்ந்தது, வேர் எதைப் பற்றியிருந்தது என்பதெல்லாம் தெரியாது. மார்கரெட் மீ செடி வாழும் இடத்துக்கே போய், உயிரோடு அதைப் பார்த்து, அங்கேயே கோடு போட்டு, நிறங்களையும் குறித்துக் கொள்வார். சில செடிகளைப் பத்திரமாக எடுத்து வந்து தோட்டத்தில் வளர்ப்பார். அவர் கண்டெடுத்த செடிகளில் சில, அதுவரை அறிவியல் உலகம் அறியாதவை. அவர் பெயரையே அவற்றுள் சிலவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

திரும்பத் திரும்ப ஒரே காட்டுக்குப் போனவர் என்பதால், வேறொன்றையும் அவர் கண்டார். முன்பு பூப் பறித்த கரையில் அடுத்த முறை கரிக்கட்டைகள் கிடந்தன. காடு எரிக்கப்படுவதைக் கண்ணால் கண்டவர், அதைப் பற்றி வாய்மூடி இருக்கவில்லை. அவர் ஓவியமும் மாறியது. தொடக்கத்தில் வெள்ளைத் தாளில் செடியை மட்டும் தனியாக வரைந்தவர், பிற்காலத்தில் செடிக்குப் பின்னால் அது வாழ்ந்த காட்டையும் ஆற்றையும் சேர்த்து வரையத் தொடங்கினார். வீடு இல்லாமல் பிள்ளை ஏது?

இனி அந்தப் பூவின் கதை. ரியோ நேக்ரோ ஆற்று வெள்ளம் புகுந்து நிற்கும் காடுகளில், மரத்தண்டோடு தட்டையாக ஒட்டிப் படரும் கள்ளி ஒன்று உண்டு. வெயில் பட்டால் அதன் தண்டு சிவந்துவிடும். வெண்ணிறப் பூ இரவில் விரிந்து, விடிவதற்குள் வாடிவிடும். அந்தச் செடியை முன்பே அறிந்திருந்தும், பூத்த நிலையில் காணும் பேறு அவருக்கு வாய்க்கவே இல்லை. 1988 மே மாதம் மீண்டும் புறப்பட்டார். வெள்ளம் சூழ்ந்த மரங்களுக்கிடையே படகை நிறுத்தி, அதன் கூரைமேல் ஏறி அமர்ந்தார். இருட்டியபின் மொட்டு மெல்ல அசைந்தது. இதழ் இதழாக விரிந்தது. நிலவொளியிலும் கைவிளக்கின் சிறு ஒளியிலும் அவர் வரைந்து முடித்தார். அந்தப் பயணத்தில்தான் அவருக்கு 79 வயது நிறைந்தது.

அதே ஆண்டு அவருடைய ஓவியங்கள் இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆனால் நவம்பர் 30-ஆம் நாள் இங்கிலாந்தில் நடந்த ஒரு கார் விபத்தில் அவர் இறந்து போனார். காட்டாறும் காய்ச்சலும் விட்டுவைத்த உயிர், சாலையில் போயிற்று. ஆறு மாதம் தாமதித்திருந்தால் அந்தப் பூ அவர் கையால் வரையப்படாமலே போயிருக்கும்.

அன்புள்ளவர்களே, இந்தப் பொன்விழா மலருக்காகப் பழைய படங்களைத் தேடியபோது எங்களுக்கு ஒரு வருத்தம் உண்டாயிற்று. கோயிலின் படம் இருக்கிறது; கொடிமரத்தின் படம் இருக்கிறது; பங்கில் பணியாற்றிய தந்தையர் படங்களும் இருக்கின்றன. ஆனால் நம்மில் பலர் ஞாயிறுதோறும் மறைக்கல்வி படித்தோமே, அந்தப் பூவரச மரத்தின் படம் ஒன்றுகூட இல்லை. அது நின்ற இடம் எது என்பதிலேயே எங்களுக்குள் இரண்டு கருத்து. வெட்டியவர்களும் நாம்தான், வெட்டுமுன் ஒருமுறை நின்று பார்க்காதவர்களும் நாம்தான்.

அதனால்தான் பிள்ளைகளிடம், 'நாட்காட்டியைப் பார்த்து வரையாதீர்கள், உங்கள் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்து வரையுங்கள்' என்றோம். முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு முருங்கைப் பூவும், ஆவாரையும், வேலியோரத்துச் சங்குப் பூவும் தாளில் வந்தன. கோடு கோணலாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு பிள்ளை அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறது.

பெற்றோர்களே, விரைந்து நடந்துவிடாமல் ஒவ்வொரு படத்தின் முன்னும் சற்று நில்லுங்கள். வீடு திரும்பியதும், அந்தச் செடி எங்கே நிற்கிறது என்று பிள்ளையிடம் கேட்டு, கூடவே போய்ப் பாருங்கள். நமது நூற்றாண்டு விழாவில் அடுத்த தலைமுறையினர் படம் தேடும்போது, படமும் இருக்க வேண்டும்; மரமும் நிற்க வேண்டும்.