சுவருக்கு வண்ணம் தந்தவர்க்கு மன்றத்தில் இடமில்லை

(மகளிர் நாளையொட்டி எம் தமிழ் மன்றத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்துவடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் ஓர் ஆங்கிலப் பெண்மணி. ஆங்கிலச் சொல்லொன்று கலந்தாலே முகஞ்சுளிக்கும் இம் மன்றத்தில் ஆங்கிலப் பெண்ணுக்கு ஒரு பொழிவா என்று சிலர் புருவம் நெரிப்பது எனக்குத் தெரிகிறது. நெரிக்கட்டும். நமக்குப் பகை ஆங்கில மேலாட்சியே அன்றி ஆங்கில மக்கள் அல்லர். அம் மேலாட்சியை அதன் தலைநகரிலேயே இருந்துகொண்டு எதிர்த்த ஒருவரைத்தான் உங்கள்முன் நிறுத்துகின்றேன். அவர் பெயர் சில்வியா பாங்கர்சுட்டு. ஓவியர், இதழ்களுக்குப் படம் வரைந்தவர், பெருஞ்சுவர் ஓவியங்கள் தீட்டியவர், பெண்ணுரிமைப் போரில் பலமுறை சிறை புகுந்தவர்.

மாஞ்செசுட்டர் நகரில் 1882-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் இரிச்சர்டு பாங்கர்சுட்டு வழக்கறிஞர்; ஏழைகள் பக்கம் நின்றமையால் பொருள் சேர்க்க இயலாதுபோனவர். தாயார் எம்மலின், அக்கை கிறித்தபெல் இருவரையும் உலகம் நன்கறியும். தந்தையார் 1898-இல் மறைந்தபின் சில்வியா மாஞ்செசுட்டர் ஓவியப் பள்ளியில் பயின்றார். பரிசுத்தொகை பெற்று 1902-இல் வெனிசு நகரம் சென்று, அங்குள்ள பழங்கோயில்களின் வண்ணக்கற் பதிப்போவியங்களைப் பார்த்துப் பார்த்துப் படியெடுத்தார்.

அவர் ஊர் திரும்பிய 1903-ஆம் ஆண்டில் நடந்த ஒரு செய்தியைத்தான் நான் விரித்துரைக்க விரும்புகிறேன்.

மாஞ்செசுட்டரை ஒட்டிய சால்போர்டு என்னும் ஊரில், அவர் தந்தையார் உழைத்த தொழிற்கட்சியினர், அவர் நினைவாகவே ஒரு மன்றம் எழுப்பினர். பாங்கர்சுட்டு மன்றம் என்றே அதற்குப் பெயர். அதன் சுவர்களுக்கு ஓவியம் தீட்ட மகளையே அழைத்தனர். தந்தையின் பெயர் தாங்கிய கட்டடம் ஆயிற்றே என்று அவர் தம் உள்ளத்தையெல்லாம் கொட்டித் தீட்டினார். மலரும் கதிரும் கனியும் பறவையுமாகச் சுவர் முழுதும் ஒவ்வொன்றும் ஓர் உயர்பொருளைக் குறிக்குமாறு அமைத்தார்.

பணி முடியுங் காலத்தில்தான் உண்மை வெளிப்பட்டது. அம் மன்றத்தைப் பயன்படுத்தும் கட்சிக் கிளையில் பெண்கள் உறுப்பினராக முடியாதாம்! அங்கே ஆடவர்க்கான பொழுதுபோக்குக் கழகம் ஒன்று இணைந்திருக்கிறதாம், அதுதான் கரணியமாம்! தந்தை பெயர் வாயிலில். மகள் வண்ணம் சுவரில். ஆனால் அம் மகள் அக் கிளையில் உறுப்பினர் ஆகமுடியாது. எவ்வளவு அழகான பொதுவுடைமை பாருங்கள்!

தாயார் எம்மலின் சினந்தெழுந்தார். இனி இவர்களை நம்பிப் பயனில்லை என்று, அவ்வாண்டு அக்தோபர் 10-ஆம் நாள் தம் வீட்டில் பெண்களைக் கூட்டி, மகளிர் குமுக அரசியல் ஒன்றியத்தைத் தொடங்கினார். ஒப்போலை உரிமைக்காக, அதாவது வாக்குரிமைக்காக, இங்கிலாந்தையே கலக்கிய இயக்கம் பிறந்ததற்கு அச் சுவரோவிய மன்றமும் ஒரு கரணியம்.

அன்பர்களே, சால்போர்டுக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. நம் மன்றங்களைச் சற்றே எண்ணிப்பாருங்கள். வாயிலில் கோலமிட மகளிர் வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட மகளிர் வேண்டும். வந்தவர்க்குச் சந்தனம் தர மகளிர் வேண்டும். செயற்குழு கூடும் அறையில் எத்தனை மகளிர் அமர்ந்திருக்கின்றனர்? ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றதை மேடைதோறும் பேசி மார்தட்டுகிறோம். தூது போகட்டும், கிளைச் செயலாளராகவேனும் ஒரு பெண்ணை விட்டோமா? 1938-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் சென்னையில் கூடிய பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் யார்? மறைமலையடிகளாரின் திருமகளார் நீலாம்பிகை அம்மையார். வடசொற்களுக்கு நேர் தமிழ்ச்சொல் தொகுத்து அகரவரிசை தந்தவர். அம் மாநாட்டை அடுத்து இந்தித் திணிப்பை எதிர்த்துக் கைக்குழந்தையோடு சிறை புகுந்த தாய்மாரும் உண்டு. அத்தகைய தொடக்கம் உடைய இயக்கத்தார் நாம். இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. அவைத்தலைவர் அவர்கள் பொறுத்தருள்க.

சில்வியாவிடம் திரும்புவோம். 1904-இல் உதவித்தொகை பெற்று இலண்டன் அரசக் கலைக்கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பெண்களுக்கு உதவித்தொகை அருமையாகவே கிடைப்பதைக் கண்டார். குடும்ப நண்பரும் தொழிற்கட்சித் தலைவருமான கெயிர் ஆர்டியைக் கொண்டு நாடாளுமன்றத்தில் வினா எழுப்பச் செய்தார். 16 உதவித்தொகைகளில் 3 மட்டுமே பெண்களுக்கு என்று விடை வந்தது. மாற்றும் எண்ணமும் இல்லை என்றனர். படிக்க வந்த இடத்தில் வாய்திறவாமல் இருந்தால் நல்ல மாணவி என்று பெயர் வாங்கியிருக்கலாம்; அவர் அப் பெயரை விரும்பவில்லை.

1906-இல் முதன்முறை ஓலோவே சிறைக்குச் சென்றார். சிறையில் கண்டவற்றை, கைதிப் பெண்களின் முரட்டு உடையும் தரை தேய்க்கும் வேலையும் அடைத்த அறையுமாகப் படங்களாக வரைந்து, 1907-இல் இதழில் வெளியிட்டார். மதிற்சுவருக்குள் பெண்கள் படும் பாட்டை வெளியுலகம் படமாகப் பார்த்தது.

அவருடைய ஓவியப் பணியில் நான் பெரிதும் போற்றுவது அதே 1907-ஆம் ஆண்டு மேற்கொண்ட செலவுதான். ஓவியத் தட்டும் தாளும் எடுத்துக்கொண்டு இங்கிலாந்திலும் இசுக்காட்டுலாந்திலும் பெண்கள் உழைக்கும் இடங்களையெல்லாம் தேடிச் சென்றார். கிரேட்லி ஈத்து என்னும் ஊரில் உலைக்களத்தில் நின்று இரும்புச் சங்கிலி அடிக்கும் பெண்கள். விகன் நகரில் சுரங்கத்தின் மேற்புறத்தே நிலக்கரி பொறுக்கும் பெண்கள். இலெசுட்டரில் செருப்புத் தைக்கும் பெண்கள். சுட்டாபோர்டுசயரில் மட்கலம் செய்வோர். கிளாசுகோவில் பஞ்சாலைப் பெண்கள். மட்கலத் தொழிலில் மெருகுப் பூச்சிலுள்ள ஈயம் உழைப்பவர் உடலையே நஞ்சாக்கிக் கொண்டிருந்தது. பஞ்சாலையின் வெப்பத்திலும் இரைச்சலிலும் வரையச் சென்ற அவருக்கே மயக்கம் வரும் நிலை ஏற்பட்டது. அங்கேயே பகலெல்லாம் நிற்பவள் நிலை என்ன?

அப் படங்களில் அழுகை இல்லை. இரக்கத்தைக் கெஞ்சும் முகம் ஒன்றுகூட இல்லை. தறியின்மேலும் தட்டின்மேலும் கண்ணூன்றித் தன் வேலையில் ஆழ்ந்து நிற்கும் தொழில்வல்லாளாகவே ஒவ்வொரு பெண்ணையும் தீட்டியுள்ளார். ஏழையைத் தீட்டப் புகுவோர் பலர் அவளைப் பரிவுக்குரிய பொருளாக்கி, வாங்குவோரின் கண்ணீருக்கு விலைகூறுவர். சில்வியா அவ்வாறு செய்யவில்லை. கூடவே ஆடவர் கூலியும் பெண்கள் கூலியும் எவ்வளவு ஏற்றத்தாழ்வுடையன என்று எழுதியும் வைத்தார். 1908-இல் அப் படங்களும் எழுத்தும் இதழில் வெளிவந்தன.

அடுத்தது 1909. இலண்டனில் பனிச்சறுக்கு அரங்கு ஒன்றில் இயக்கத்தின் பெருங்காட்சி. அரங்கம் 250 அடி நீளம், 150 அடி அகலம். சுவர் முழுதும் 20 அடி உயரத்துக்கு ஓவியம் வேண்டும் என்றனர். உடன்படித்த மாணவர் சிலரைத் துணைக்கொண்டு பெருந்துணிகளில் தீட்டித் தொங்கவிட்டார். ஒரு பெண் விதைக்கிறாள். பின்னர்க் கதிர்க்கட்டைச் சுமந்து வருகிறாள். அழுதுகொண்டே விதைத்தவர் மகிழ்ந்து அறுப்பர் என்னும் விவிலியக் கருத்தே அதன் அடிப்படை. சிறை சென்று மீண்ட மகளிர்க்கு அணிவிக்கும் வில்லையும் அவர் வரைந்ததே. நாடாளுமன்றத்தின் அடையாளமாகிய கம்பிக்கதவு; அதன்மேல் கைதி உடையில் குத்தும் அம்புக்குறி, இயக்கத்தின் ஊதா, வெள்ளை, பச்சை நிறங்களில். ஆள்வோர் இழிவென்று குத்திய குறியை மார்பில் அணியும் அணியாக்கினார்!

பின்னர் ஓவியத்தை ஏறக்குறைய விட்டே விட்டார். இத்தனை வறுமைக்கிடையே வண்ணம் குழைத்துக்கொண்டிருப்பது முறையா என்ற கேள்வி அவரை நெடுங்காலம் அரித்தது. 1912 முதல் இலண்டன் கீழைச்சேரியின் ஏழைத் தொழிலாளப் பெண்களோடு வாழத் தொடங்கினார். 1913-இல் சிறையில் உண்ணாநோன்பு இருந்தபோது 5 கிழமைக்கு மேலாகக் குழாய்வழி வலிந்து உணவு செலுத்தினர். நீரும் உறக்கமும் மறுத்து அறைக்குள் நடந்துகொண்டே இருந்துதான் விடுதலை பெற்றார்.

அவர் ஓவியத்தை விட்டது சரியா என்று என்னைக் கேட்டால், இழப்பு என்றே சொல்வேன். கூட்டம் கூட்டவும் ஊர்வலம் நடத்தவும் வல்லவர் பலர் இருந்தனர். சங்கிலி அடிப்பவளை அவ்வாறு தீட்ட வல்லவர் அவரொருவரே இருந்தார். ஆயினும் கீழைச்சேரியில் பட்டினி கிடந்தவர்கள் வேறு கணக்குச் சொல்லக்கூடும்.

இன்னொரு கதவடைப்பும் நேர்ந்தது. அயர்லாந்துத் தொழிலாளர்க்காக நடந்த கூட்டத்தில் அவர் பேசினார்; ஏழைப் பெண்களையே முன்னிறுத்தினார். அது பிடிக்காமல் 1914 சனவரியில் தாயும் அக்கையுமே அவரை இயக்கத்தினின்று வெளியேற்றினர். முன்பு ஆடவர் அடைத்த கதவை இப்போது பெண்களே அடைத்தனர். அவர் ஒடுங்கிவிடவில்லை, தம் கீழைச்சேரிக் கழகத்தையே தனி இயக்கமாக நடத்தி, மார்ச்சு 8-ஆம் நாள் சொந்த இதழும் தொடங்கினார். போர் வந்தபோது தாய் போரை வாழ்த்தினார், மகள் எதிர்த்தார். அடக்கவிலை உணவகமும் பொம்மைத் தொழிலகமும் நடத்தினார். ‘துப்பாக்கிக் கொல்லர்’ என்று பெயர்கொண்ட பழைய கள்ளுக்கடையை எடுத்து, ‘அன்னையர் கை’ என்று பெயர் மாற்றிக் குழந்தைகள் காப்பகம் ஆக்கினார்.

1926-இல் இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய நூல் பம்பாயில் வெளிவந்தது. 1935-இல் இத்தாலி எத்தியோப்பியாவின்மீது பாய்ந்தபின், 1936-இல் அந் நாட்டுக்காகவே ஓர் இதழ் தொடங்கினார். ஏறத்தாழ 20 ஆண்டு அது நடந்தது. 1956-இல் அந் நாட்டிலேயே குடியேறி, 1960 செப்டம்பர் 27-ஆம் நாள் ஆதிசு அபாபா நகரில் மறைந்தார். அங்குள்ள பெருங்கோயிலின் முன்றிலில் அவருக்குக் கல்லறை எழுப்பினர்.

தாயார்க்கு 1930-இலேயே இலண்டன் நாடாளுமன்றத்தின் அருகே சிலை வைத்துவிட்டனர். சில்வியாவின் தொழிலாளப் பெண் ஓவியங்களை இலண்டன் தேட்டு ஓவியக்கூடம் 2013-இல்தான் தனிக்காட்சியாக வைத்தது. பனிச்சறுக்கு அரங்கின் துணிகள் மறைந்தன. ஒளிப்படங்களில் மட்டும் காண்கிறோம். சால்போர்டு மன்றத்துச் சுவரோவியங்கள் இன்று இல்லை.