குருதியில் தங்கும் வினை

(நெமிலியில் நடைபெற்ற விழாவில் ஆற்றிய உரை)

 

புலால் புகாத இல்லத்தில் மாரடைப்பும் புகாது என்னும் நம்பிக்கை சமணக் குடும்பங்கள் பலவற்றில் வேரூன்றியுள்ளது. கொல்லாமை தலையாய அறம். ஆயினும் அது சர்க்கரை நோய்க்குத் தடுப்பு மருந்து அன்று. மூன்று வேளையும் வெள்ளரிசி, விழாதோறும் இனிப்பு, குறைந்துபோன உடலுழைப்பு ஆகியவை சேர்ந்தால் புலால் தீண்டாதவர் குருதியிலும் சர்க்கரை மிகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு எனக் கணக்கிட்டது.

மிகுந்த சர்க்கரை இதயத்தை எவ்வாறு தாக்குகிறது? ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் பொதுவாக 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் உள்ளன. கிருமிகளை விழுங்கி உடலைக் காப்பது அவற்றின் கடமை. சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்து தமனியின் உட்சுவர் புண்படும்போது, வெள்ளணுக்களில் ஒருவகை அச்சுவருக்குள் நுழைகின்றன. அங்கே படிந்த கொழுப்பை விழுங்கி, வெளியேற இயலாமல் நுரைபோல் உப்பித் தேங்குகின்றன. அத்தேக்கமே நாளடைவில் திட்டாகத் தடிக்கிறது. திட்டு வெடித்தால் அதன்மேல் குருதி உறைந்து வழியை அடைக்கிறது. மாரடைப்பு பெரும்பாலும் இவ்வாறே நேர்கிறது. காக்க வந்த காவலரே கோட்டைக்குக் கேடாகும் நிலை இது.

சென்னையில் 2001-இல் தொடங்கி 26,001 பேரை உட்படுத்திய நகர்ப்புற ஆய்வின் ஒரு பகுதியில், சர்க்கரைக் கோளாறு முற்ற முற்ற வெள்ளணுக்களின் சராசரி எண்ணிக்கையும் உயர்ந்திருக்கக் கண்டனர். எனினும் வெள்ளணு மிகுதி ஒன்றையே கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சாதாரணக் காய்ச்சலிலும் அது மிகும்.

ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு மற்றொன்றை உணர்த்தியது. சர்க்கரை மிகுந்த எலிகளின் எலும்பு மஜ்ஜையை, சர்க்கரை இயல்பாக உள்ள எலிகளுக்கு மாற்றியபோது, அவற்றின் தமனியிலும் திட்டு மிகுந்தது. வெள்ளணுக்களை ஈனும் மஜ்ஜை, பழைய சர்க்கரையின் தீமையை நினைவில் வைத்திருந்தது. சிற்றுயிர்களை வருத்திப் பெற்ற அறிவு என்பது அருகன் நெறியினர் உள்ளத்தை உறுத்தும். பெற்ற அறிவைப் புறக்கணிப்பதோ அதனினும் பெரிய பிழையாகும்.

நன்மையும் இவ்வாறே உடலில் நிலைக்கிறது. பிரிட்டனில் 1977-இல் தொடங்கிய நெடிய ஆய்வில், நோய் தெரிந்த நாள்முதலே சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியோர்க்கும் ஏனையோர்க்கும் இடையே இருந்த அளவு வேறுபாடு, ஆய்வு முடிந்தபின் விரைவில் மறைந்தது. ஆயினும் பத்தாண்டுகள் கழித்து நோக்கியபோது, முன்னவர்க்கு மாரடைப்பு 15 விழுக்காடு குறைவாகவே இருந்தது.

ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு என்று வினையின் போக்கை வகுத்த நெறியினர்க்கு இஃது எளிதில் விளங்கும். புதிதாக வந்து சேர்வதைத் தடுப்பது செறிப்பு. "உடம்பில் ஒன்றும் தெரியவில்லையே" என்று காலந்தாழ்த்தும் ஒவ்வோர் ஆண்டும் தமனியில் ஒரு படிவு. ஆகவே முப்பது வயது கடந்தோர் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்துக்கொள்ளுதல் நன்று. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் மாத்திரை வீடு தேடியே வருகிறது. வந்த மாத்திரை பெட்டியில் உறங்கலாகாது.

பொழுது சாயுமுன் உண்பது உயர்ந்த ஒழுக்கம். ஆனால் இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர், மருத்துவரிடம் வேளையும் அளவும் கேளாமல் உண்ணாநோன்பு ஏற்றால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும். தாத்தா, பாட்டி நோன்பு தொடங்குமுன் அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது பிள்ளைகளின் கடமை. பிற உயிர்க்கு இரங்கும் நெறி, தன் உடலில் உறையும் உயிருக்கும் இரங்கச் சொல்கிறது.

வாழ்க அறம்! வளர்க நலம்!